பாடு ஏட்டின் பதினேழாம் பெயர்

கோட்டையில் புதிதாகத் துபாஷி வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் பாஷையில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். முப்பது வருஷம் இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்றிருக்கிறேன். சொல் தெரியாமல் ஒரு நாளும் திண்டாடியதில்லை. எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எழுத வேண்டுமென்றால் அதைத்தான் எழுத முடியும்.

உங்களில் ஒருவருக்கு ஆலோசனைச் சபை வேலையும் சேர்ந்து வரும். மற்ற இருவரும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இன்று அவன், நாளை நீங்கள்.

முதலில் என் முதல் வருஷத்துத் தப்பு. இரண்டு பேருக்குள் ஒரு படகு யாருடையது என்று வழக்கு. சாட்சி சொல்ல வந்த கிழவர் தடுமாறித் தடுமாறிப் பேசினார். துரைமார் முகம் சுளித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் பேசியதை மொழிபெயர்த்துவிட்டு, “வயதானவர், கண் கொஞ்சம் மங்கல்” என்று நானாக ஒரு வார்த்தை சேர்த்தேன். கிழவரைத் திட்டாமல் விடுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லைதான். கண் தெரியாதவன் சாட்சி செல்லாது என்று அவர் சொன்ன மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். உண்மையான சொந்தக்காரன் படகை இழந்தான்.

என்னைப் பழக்கிய பெரிய துபாஷி அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கூட்டாதே, குறைக்காதே. உன் நாக்கு இப்போ உன்னோடது இல்ல, வாடகைக்கு விட்ட வீடு. குடியிருக்கிறவன் என்ன செஞ்சாலும் நீ உள்ள போகக் கூடாது” என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்குப் பெரிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. நல்ல புத்திதான். அதைப் பிடித்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டினேன். நல்ல புத்தி ஒன்றே ஒன்று மட்டும் கையில் இருந்தால் அது என்ன பாடுபடுத்தும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சபை என்ற பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். நியாய அறைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு நீள விசுப்பலகை கிடக்கும். அதில் நாலு பேர் உட்கார்வார்கள். ஏரியில் மீன் பிடிக்கிற கோட்டைக்குப்பத்தின் ஊர்த்தலைவரான நாட்டார், துணி வியாபாரம் செய்த செட்டியார் ஒருவர், கப்பல் வைத்திருந்த மரைக்காயர் ஒருவர், கோவில் பள்ளிக்கூடத்து உபதேசியார் ஒருவர். நம் ஜனங்களின் பிள்ளைகள் ஏதாவது குற்றத்தில் மாட்டினால் நியாய அறையிலிருந்து கேள்வி வரும். உங்கள் வழக்கப்படி இது பிள்ளையா, வளர்ந்த ஆளா, என்ன செய்யலாம்? நாலு பேரும் கூடிப் பேசி அபிப்பிராயம் சொல்வார்கள். நான் அதை உள்ளே போய்ச் சொல்வேன். கேட்கிற கட்டாயம் கோட்டைக்குக் கிடையாது. ஆனாலும் பெரும்பாலும் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை ஏரிக்கரையில் கையால் நண்டு பிடித்து விற்கும் வீட்டுப் பெண் குழந்தை, வைத்தியர் வீட்டுச் சமையற்கட்டில் வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துவிட்டது. “குழந்தை, தாயிடம் கொடுங்கள்” என்று சபை சொன்னது. கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அது வாசலைத் தாண்டிப் போனபோது நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் போல் வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் கூடுதலாகத் தின்றேன். அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்காகவே சபையை நான் ரொம்ப நாள் நம்பினேன்.

கோட்டைக்குள்ளே பிறந்த பிள்ளைகள் கதை வேறு. செத்துப்போன பீரங்கிக்காரன் ஒருவனின் மகன் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தான். ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்து திறந்தார்கள். வயது பதிமூன்று என்று இருந்தது. மூடினார்கள். பையனை ஒரு காப்பாளர் வீட்டில் விட்டார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஏது? வயது என்ன என்று கேட்டால், பெரிய புயல் அடித்தபோது வயிற்றில் இருந்தான், முகத்துவாரத்தை மண் அடைத்த வருஷம் தவழ்ந்தான் என்பார்கள். எங்களுக்கு அது சரியான கணக்கு. துரைமாருக்கு அது கதை. ஒரு தடவை, இரண்டு தடவை சலித்துக்கொண்டார்கள். அப்போது நான் சபைக்கு ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தேன். ஆண் பிள்ளை என்றால் பாடு ஏட்டைப் பாருங்கள், பெயர் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் பிள்ளை என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எழுத்தில் இருக்கிறதே என்று துரைமாருக்கும் திருப்தி. இந்த யோசனை யாருடையது என்று பின்னாளில் யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், என்னுடையது.

உங்களில் இரண்டு பேர் ஏரிப் பக்கத்துக்காரர் இல்லை என்பதால் பாடு என்றால் என்ன என்று சொல்கிறேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக வரும் இடங்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே முறை வைத்திருக்கிறார்கள். கரையில் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று பிரிப்பார்கள். அந்த முறைதான் பாடு. மீசை முளைத்து, தனியாகப் படகு தள்ளி, தனியாக வலை கட்டத் தெரிந்த ஆணுக்குத்தான் அது உண்டு. வீட்டில் ஆண் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். கோட்டைக்குப்பத்துக்கும் எதிர்க்கரை ஊர் ஒன்றுக்கும் அந்த இடங்களைப் பற்றி ஓயாத சண்டை. அதனால் கோட்டை பாடு ஏட்டின் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்திருந்தது. பெயர்களை எழுதுவதும், இவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள் என்று சத்தியம் செய்து கொடுப்பதும் என் வேலை.

ஒரு வாடைக்காற்று மாதத்தில் எல்லம்மா என்பவளின் புருஷன் கடலில் போய்விட்டான். வீட்டில் மிஞ்சியது அவளும், தேசப்பன் என்ற மகனும், ஒரு கைக்குழந்தையும். நாட்டார் ஏட்டோடு என்னிடம் வந்தார். பெயரை அடிக்க அவருக்கு மனது வரவில்லை. பையனுக்குப் பதினோரு வயசுகூட இருக்காது, அடித்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்றார். மகன் பெயரை எழுதிவிடலாமே என்று சொன்னவன் நான். சத்தியம் பண்ணிக் கொடுக்கிற ஏடாச்சே என்று அவர் தயங்கினார். துரைமார் வந்து மீசையைத் தடவிப் பார்க்கவா போகிறார்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பழைய பெயரை எடுத்துவிட்டு, அதே பதினேழாம் இடத்தில் தேசப்பன் என்று எழுதினேன்.

எல்லம்மா தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்த சீட்டு நாளில் நாட்டார் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். “தேசப்பன்” என்றதும் கீச்சுக்குரலில் “இருக்கேன்” என்று பதில் வந்தது. கரையே சிரித்தது. பையன் அப்பனுடைய தள்ளுகழியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழி அவனைப்போல் இரண்டு ஆள் உயரம். நானும் சிரித்தேன். அந்த ஏட்டில் நான் எழுதிய பெயர்களிலேயே இதுதான் நல்ல பெயர் என்று அன்று எனக்குத் தோன்றியது.

முதல் வருஷம் தாய்மாமன் கூட நின்று வலை கட்டிக் கொடுத்தான். அப்புறம் பையன் தனியாகவே கட்டினான். மூன்றாம் வருஷம் மழையில் வலைக் கயிறு இற்றுப்போய்விட்டது. மறுநாள் அவனுடைய பாடு. விட்டால் அந்த இடம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பாடு உள்ளவன் கயிறு இரவல் கேட்டால் ஊர் சிரிக்குமாம். அவன்தான் சொன்னான் இதை. கரையில் கோட்டையின் சரக்குப் படகு ஒன்று இரண்டு கயிற்றில் கட்டிக் கிடந்தது. அதில் ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டு போனான். நீர் கடலுக்குத் திரும்பும் வேகத்தில் மிச்சமிருந்த கயிறு தாங்கவில்லை. படகு முகத்துவாரம் வரை போய் மண்திட்டில் மோதிக் கவிழ்ந்தது. உள்ளே ஒரு படகாள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் அவனைக் கரையில் கண்டெடுத்தார்கள். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவனை மறந்துவிடுகிறோம். நீங்கள் மறக்காதீர்கள்.

கோட்டைக் கயிற்றில் ஒரு நீல இழை ஓடும். ஊருக்கே தெரியும். அந்தக் கயிற்றைப் பையன் ஒளித்துக்கூட வைக்கவில்லை, வலையில் கட்டிப் போட்டு இறால் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைக் கோட்டைக்குப் பிடித்துக்கொண்டு வந்தபோது நான்தான் கேள்வி கேட்டேன்.

“ஒண்ணு போதும்னு நெனச்சேன் சாமி. ரெண்டு கட்டியிருந்தாங்க. உள்ள ஆளு கீறாருன்னு தெரியாது” என்றான்.

அவன் செய்யவில்லை என்று சொல்ல வழியே இல்லை. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பிள்ளை என்றால் தாயின் கண் முன்னால் பன்னிரண்டு பிரம்படி, அப்புறம் அவள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். ஆள் என்றால், உயிர் போயிருப்பதால், சங்கிலி போட்டு, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஆளும் பத்தாவியாவுக்குக் கப்பல். அங்கே போனவர்களில் ஒருவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையா, ஆளா? சபைக்கு மூன்று நாள் கொடுத்தார்கள்.

மரைக்காயர் வந்த வேகத்திலேயே, சின்னப் பிள்ளை, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றார். செட்டியார் ஏட்டைக் காட்டினார். பெயர் இருக்கிறதே, சபை வைத்த வழி இதுதானே, ஆளுக்கு ஒரு வழியா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வழி என்றால் ஒரே வழியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். உபதேசியார் ஜெபம் செய்யலாம் என்றார். நாட்டார் தலை நிமிரவே இல்லை.

அவர் ஏன் நிமிரவில்லை என்பது எனக்குத் தெரியும். எதிர்க்கரை ஊர்க்காரர்கள் அப்போதுதான் திரும்பவும் மனுக் கொடுத்திருந்தார்கள். கோட்டைக்குப்பத்து ஏட்டில் பொய்ப் பெயர்கள் இருக்கின்றன, அவர்களுக்கு அத்தனை இடம் எதற்கு, பாதியை எங்களுக்குக் கொடுங்கள் என்று. அடுத்த மாதம் அந்த விசாரணை.

மறுநாள் பகலில் கரைக்குப் போய் நாட்டாரைப் பார்த்தேன். படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பையனைப் பற்றிச் சொல்லிவிடலாமே, நாம் இரக்கப்பட்டு எழுதினோம் என்று சொல்லிவிடலாமே என்று ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தவில்லை.

“ஒரு பேரு பொய்னு நம்ம வாயாலயே சொன்னா, நூறு பேரும் பொய்தான் துபாஷியாரே. நூறு வூட்டு அடுப்ப நான் அணைக்கணுமா?” என்றார். கொஞ்சம் கழித்து, “எழுதனது உங்க கை. நீங்க வேணா போய் சொல்லுங்க” என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். பொய்ச் சத்தியம் செய்தவன் என்று என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். நூறு வீட்டுக் கதையை நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன். நடக்க நடக்க மனது லேசாகிக்கொண்டே வந்தது. முடிவு என்னுடையது இல்லை, நாட்டாருடையது என்று ஆகிவிட்டதே. அந்த லேசான நடையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

விசாரணை அன்று காலை கோட்டை வாசலில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை. பக்கத்தில் மகனுக்குத் துவைத்து மடித்த ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“உள்ள கூப்டா இன்னா கேப்பாங்க சாமி?” என்றாள்.

என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என்ன சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை போதும். சின்னப் பிள்ளை என்று சொல்லும்மா, எது கேட்டாலும் அதையே சொல்லு. அவ்வளவுதான். ஆனால் சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கூட்டாதே, குறைக்காதே என்று கிழட்டு நாக்கு ஒன்று என் காதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது.

“கேட்டதுக்கு உள்ளதச் சொல்லும்மா” என்றேன்.

“பாட்ட எடுத்துடுவாங்களா?”

“இது அந்த வழக்கு இல்லம்மா” என்று சொல்லிவிட்டுத் தலைப்பாகையைச் சரிசெய்வதுபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நியாய அறையில் ஐந்து துரைமார். சபையின் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். நாட்டார்தான் எழுந்து சொன்னார். பையனுக்குப் பாடு உண்டு, ஏட்டில் பெயர் உண்டு, எங்கள் வழக்கப்படி ஆள். நான் மொழிபெயர்த்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கடைசி நாற்காலியில் ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இளைய துரை ஒருவர் பையனை ரொம்ப நேரம் பார்த்தார். இவனைப் பார்த்தால் எனக்குப் பிள்ளையாகத் தெரிகிறது, தாய் வந்திருக்கிறாளா, அவளைக் கேளுங்கள் என்றார்.

நாங்கள் அடைத்த கதவை வேறு யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத மனிதன் திறந்துவிட்டான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எந்தத் தாய் தன் பிள்ளையைப் பிள்ளை இல்லை என்று சொல்வாள்?

எல்லம்மாவைக் கூப்பிட்டார்கள். கேள்வியைச் சுத்தமாக மொழிபெயர்த்தேன். உன் மகன் பிள்ளையா, வளர்ந்த ஆளா? அவள் என்னைப் பார்த்தாள். நாட்டாரைப் பார்த்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள். அங்கே பாடு ஏடு விரித்து வைத்திருந்தது. அதை அவளுக்குத் தெரியும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஏட்டில் எந்த வரியில் தன் வீடு இருக்கிறது என்று தெரியும். பெயரை அடிக்கத்தான் எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டியது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“ஆளுதான் சாமி. மூணு வருசமா அவன்தான் பாடு கட்றான். ஆம்பள இல்லாத வூடு இல்ல எங்க வூடு.”

சங்கிலியோடு நின்றிருந்த தேசப்பன் அதைக் கேட்டு முதுகை நிமிர்த்தினான். கொஞ்சம் சிரித்தான் என்றுகூடச் சொல்லலாம். அம்மா ஊரார் முன்னால் அவனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

இளைய துரை என் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஐயா, இவள் பாடு போய்விடும் என்று பயந்து சொல்கிறாள் என்று. சொல்லவில்லை. அவள் பேசிய மூன்று வாக்கியத்தையும் மூன்று வாக்கியமாகவே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. என் முப்பது வருஷத்தில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மரைக்காயர் எழுந்து வெளியே போனார். அப்புறம் அந்த விசுப்பலகையில் அவர் உட்காரவே இல்லை. அவர் வேலையும் அவர் இடமும் யாரிடமும் கைகட்டி நிற்கிற மாதிரி இல்லை, அவரால் முடிந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வெளியே போவதற்கு முன் அவரும் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பைப் பையனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். பத்தாவியா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அப்புறம், “வேற எடத்துல எம் பாடு இன்னும் ஆறு நாள்ல வருது. அதுக்குள்ள வுட்டுடுவாங்களா?” என்றான். அது என்னிடம் கேட்ட கேள்வி, நியாய அறையிடம் கேட்டது இல்லை. ஆகவே அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காற்று சாதகமாக இருந்தது. கப்பல் போய்விட்டது.

அதற்கப்புறம் சபைக்குச் சூடு வந்தது. நம் பிள்ளைகளுக்கும் பிறந்த நாள் எழுத ஒரு புத்தகம் வேண்டும், இனிமேல் பாடு ஏட்டை வைத்து வயது பார்க்கக் கூடாது என்று ஓர் ஆலோசனை எழுதினோம். நன்றி என்றார்கள். எழுத்து இன்னும் அழகாக இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது பிரதி இடது பக்கத்து அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருக்கிறது. கரையான் அரிக்காமல் இருந்தால் நீங்கள் படித்துப் பார்க்கலாம். சபை இன்றும் கூடுகிறது. அபிப்பிராயம் கேட்கிறார்கள், சொல்கிறோம். தீர்ப்பு அவர்களுடையது, பழியில் மட்டும் எங்களுக்குப் பங்கு. முன்பெல்லாம் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. நீங்கள் நினைத்தால் நல்லதுதான். எத்தனை வருஷம் நினைப்பீர்கள் என்று பார்க்க நான் இருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கரை வழக்கு அடுத்த மாதம் வந்தது. நாங்கள் ஏட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். துரைமார் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அவர்களுக்கு, அந்தப் பக்கம் இவர்களுக்கு என்று பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள். ஏட்டை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த நூறு பெயரில் எது மெய், எது பொய் என்று யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நாட்டார் ஏட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய துபாஷி சொன்னதையே நானும் சொல்ல வேண்டியிருக்கிறது, கூட்டாதே, குறைக்காதே. அதை மீறினால் ஒருவன் படகை இழக்கிறான். மீறாவிட்டால் ஒருத்தி மகனை இழக்கிறாள். இரண்டையும் நான் செய்து பார்த்துவிட்டேன். எது எப்போது என்று சொல்லித் தர எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளே என்ன கேட்பார்கள் என்று வாசலில் யாராவது உங்களிடம் கேட்டால், தலைப்பாகையைத் தொடாதீர்கள். நின்று அவள் முகத்தைப் பாருங்கள்.

எதிர்க்கரை வழக்கில் இடம் பிரிந்த பிறகு வந்த முதல் சீட்டு நாளில் நானும் கரையில் இருந்தேன். இடம் பாதியாகக் குறைந்துவிட்டதால் எல்லோர் முகமும் வாடிக் கிடந்தது. நாட்டார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பதினாறு முடிந்தது. நிறுத்தினார். மூன்று தடவை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். “தேசப்பன்” என்றார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எல்லம்மா “இருக்கான்” என்றாள். பெண்கள் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. நாட்டார் பதினெட்டாம் பெயருக்குப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். யாரோ படகாள் ஒருவன் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறான். பிள்ளை என்றால் பிரம்படி, ஆள் என்றால் கப்பல் என்று. அழவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும் சாமி. நான் சின்னப் புள்ளனு சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்களா?”

வாழ்நாளில் முதல் தடவையாக, கேள்வி ஒன்றாகவும் பதில் வேறாகவும் என் வாயிலிருந்து வந்தது.

“இல்லம்மா. நீ என்னா சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பாங்க. முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க” என்றேன்.

அவ்வளவு சரளமாக வந்தது. அந்தச் சரளத்தில் பாதியை அன்று காலை அந்த வாசலில் காட்டியிருந்தால் போதும்.

எல்லம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியாது. தலையை ஆட்டினாள். பிறகு, “அவன் பாடு என்னிக்கு வந்துகீது, பாத்துச் சொல்லுங்க” என்றாள். நான் ஏட்டைப் பிரித்துப் பதினேழாம் பெயரில் விரலை வைத்து, நாளைப் பார்த்துச் சொன்னேன்.